முப்பத்தேழாவது கேள்வி

அவளுடைய பின்னல் என் மேசை விளிம்பில் வந்து விழுகிறது. தள்ளிவிடவும் முடியவில்லை, கண்டுகொள்ளாமல் இருக்கவும் முடியவில்லை. நூறு கேள்வி, இரண்டு மணி நேரம், இப்போது அடித்தது முதல் மணி, அப்படியென்றால் அரை மணி போய்விட்டது, நான் இருபத்தெட்டில் இருக்கிறேன், அவள் எதில் இருக்கிறாளோ. அவள் எதில் இருந்தால் உனக்கென்ன தமயந்தி, உன் தாளைப் பார். பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். தாளைத் தாண்டித்தான் அந்த முதுகு இருக்கிறது, நான் என்ன செய்ய. மாம்பழ நிறச் சுடிதார், நான் இஸ்திரி போட்டது, காலையில் இரண்டு பேருடையதையும் சேர்த்து நான்தான் போட்டேன், அத்தை கூடத்திலிருந்து சொன்னாள், "பெரியவளே, சின்னவ துணிய மொதல்ல தேச்சுக் குடு, அவ கெளம்பணும்ல." நானும்தானே கிளம்பணும். ஒரே பரீட்சைக்கு, ஒரே ஸ்கூட்டரில், ஒரே அறைக்கு. ஒரே பிரவுசிங் சென்டரில் ஒரே நாளில் விண்ணப்பம் போட்டதால் அடுத்தடுத்த எண்கள், அவள் முன்னால், நான் பின்னால். அன்றைக்குக்கூட அந்தப் பையன் யாருடையதை முதலில் போட என்று கேட்டபோது நான்தான் பெருந்தன்மையாக அவளைக் காட்டினேன். இலக்கியா. என் கொழுந்தன் கட்டிக்கொண்டு வந்து பதினான்கு மாதம் ஆகிறது. வந்த மூன்றாம் நாளே என் மடக்கு மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "என்னக்கா படிக்கிறீங்க, நானும் பாக்கட்டா?" என்றாள். சிலிண்டருக்கும் அரிசி டிரம்முக்கும் நடுவில் ஐந்து வருடமாக நான் பிடித்து வைத்திருந்த இடம் அது. பார் என்றேன். பார்த்தாள். பார்த்தது எல்லாம் அவளுக்கு அப்படியே ஏறியது. நான் நான்கு முறை படித்து மறந்ததை அவள் பருப்பு வேகும் நேரத்துக்குள் படித்து எனக்கே சொல்லிக் காட்டினாள். இருபத்தொன்பது, விடை இ, வட்டத்தைக் கருப்பாக்கு, வெளியே மை போகாமல். எனக்கு இது நான்காவது தடவை, அவளுக்கு முதல் தடவை. கூட்டுறவு வங்கி உதவியாளர், எங்கள் பக்கத்து ஊர்களுக்கு மொத்தமே பத்துப் பதினைந்து இடம். என் வீட்டுக்காரர் பாலகுரு போன வாரம் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார், தட்டைப் பார்த்துத்தான் சொன்னார், என்னைப் பார்த்து அல்ல. "இதான் கடைசி தடவ தமயந்தி. இதும் போச்சுன்னா கடையில வந்து உக்காரு, அம்மாவுக்கும் முடியல." எங்கள் கடை பிளாஸ்டிக் சாமான் கடை. வாளிகள், குடங்கள், மூடி இல்லாத டப்பாக்கள், டப்பா இல்லாத மூடிகள். அதற்கு நடுவில் ஸ்டூலில் உட்கார்ந்து இலக்கியா வங்கிக்குப் போவதையும் வருவதையும் நான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். முப்பது, விடை அ.

இந்தப் பகுதிதான், முப்பதிலிருந்து நாற்பத்தைந்து வரை, எல்லோரும் வழுக்கி விழும் பகுதி. ஒரு கூற்றைக் கொடுத்து, ஒரு முடிவைக் கொடுத்து, எது இதைப் பலப்படுத்தாது, எது இதற்குப் பொருந்தாதது அல்ல என்று கேட்பார்கள். கேள்வியே பாதி ஆளை அடித்துப் போட்டுவிடும். எனக்கு ஒரு வழி உண்டு, யாரும் சொல்லித் தந்ததில்லை, தோற்றுத் தோற்று நானே கண்டுபிடித்தது. கேள்வியில் வருகிற மறுப்புகளைப் பேனாவால் சுழி. இரண்டு இரண்டாக அடி. அடித்தது போக மிஞ்சியதை நேரான வாக்கியமாக ஓரத்தில் எழுது. அதற்குப் பிறகுதான் விடைகளைப் படிக்க வேண்டும், முதலில் விடையைப் படித்தால் போச்சு. "பொருந்தாதது அல்ல" என்றால் இரண்டு, இரண்டையும் அடி, மிஞ்சுவது பொருந்துவது. அவ்வளவுதான். இதைச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். கண்ணில் நீர் வழிய அவள் சிரித்தாள். "அய்யோ அக்கா, இவ்வளவுதானா! காலேஜ்ல ஒருத்தரும் இப்படிச் சொல்லலக்கா, நீங்க கோச்சிங் சென்டரே வைக்கலாம்." அந்த நிமிடம் எனக்கு உச்சி குளிர்ந்தது, பொய் சொல்லவில்லை. மறுநாளே குளிர்ச்சி போய்விட்டது. இரண்டு பேரும் போட்ட இருபது கேள்வியில் அவள் பத்தொன்பது சரியாகப் போட்டாள், நான் பதினேழு. என்னுடைய வழியில் என்னைவிட வேகமாகப் போனாள். அத்தை அதைக் கேட்டுவிட்டு, "சின்னவளுக்கு மூள பழுதில்ல" என்றாள். அந்த வீட்டில் எனக்கு எட்டு வருடத்தில் கிடைக்காத வார்த்தை. எனக்குக் கிடைத்ததெல்லாம் ரசம் நன்றாக இருக்கிறது என்பதுதான், அதுவும் யாருக்காவது காய்ச்சல் வந்தால்தான். டீயும் அவளுக்கு முதலில் போகும். படிக்கிற பிள்ளையாம். அப்போது நான் என்ன பல்லாங்குழியா ஆடிக்கொண்டிருந்தேன்? வயிறு எரிந்தது. எரிந்தது என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை, வெளியே சொன்னால்தான் வெட்கம். அன்றைக்குச் சாயங்காலம் அவள் என் நோட்டைக் கேட்டாள், இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று. கொடுப்பதற்கு முன் கடைசிப் பக்கத்தை மடித்து, நான்கு ஸ்டேப்ளர் பின் அடித்தேன். அந்தப் பக்கத்தில் இருந்தது போன தடவை ஒரு மார்க்கில் கோட்டைவிட்ட பிறகு நான் கண்டுபிடித்தது. இல்லை, அல்ல, ஆது, ஆமல் இவை கண்ணுக்குத் தெரிகிற மறுப்புகள். தெரியாதவை உண்டு. தவறு, தவிர், மறு, பொய். சாதாரணச் சொல்லைப் போல உட்கார்ந்திருக்கும், ஆனால் உள்ளே ஓர் இல்லை இருக்கும். அதையும் சேர்த்து எண்ணாவிட்டால் நம் கணக்கு தலைகீழாகிவிடும். பெரிய ரகசியம் ஒன்றுமில்லை, அரைப் பக்கம். அந்த அரைப் பக்கத்தை நான் கொடுக்கவில்லை. "இது என்னக்கா பின் அடிச்சிருக்கு?" என்று கேட்டாள். சொந்த விஷயம் என்றேன். "மாமாவுக்கு எழுதினதா?" என்று கண்ணடித்துவிட்டு, விரலால்கூடத் தொடாமல் நோட்டை மூடினாள். தொட்டுப் பார்த்திருக்கலாம். கொஞ்சம் பிரித்துப் பார்த்திருக்கலாம், நானாக இருந்தால் பார்த்திருப்பேன். முப்பத்திரண்டு ஈ, முப்பத்துமூன்று அ, மின்விசிறி மூன்று சுற்றுக்கு ஒரு தடவை முனகுகிறது, பக்கத்து வரிசையில் யாரோ விக்ஸ் தடவியிருக்கிறார்கள். இடது ஆள்காட்டி விரல் விடைத்தாளின் எண்ணில் இருக்க வேண்டும், எப்போதும். விரல் நகர்ந்தால்தான் கேள்வி நகர வேண்டும், இல்லாவிட்டால் வரிசை தவறிவிடும், மை அழியாது, வேறு தாளும் தர மாட்டார்கள். இதையும் அவளுக்குச் சொல்லியிருக்கிறேன். பாருங்கள், எவ்வளவோ சொல்லியிருக்கிறேன். ஒரு அரைப் பக்கம்தானே.

முப்பத்தேழு. ஒரு கிராமத்துக்குப் புதிய பேருந்து விட்ட ஆண்டில் அங்குள்ள பள்ளியில் மாணவர் எண்ணிக்கை கூடியது. ஆகவே எண்ணிக்கை கூடியதற்குப் பேருந்தே காரணம். பின்வருவனவற்றுள் எது இம்முடிவைப் பலவீனப்படுத்தாமல் இருக்கத் தவறவில்லை? இரண்டாம் தடவை படிக்கும்போதே எனக்கு உடம்பெல்லாம் சூடாகிவிட்டது. இது என் பக்கம். ஸ்டேப்ளர் பின்னுக்குள் இருக்கிற என் அரைப் பக்கம் அப்படியே அச்சாகி வந்திருக்கிறது. படுத்தாமல், அது ஒன்று. இல்லை, அது ஒன்று. கண்ணுக்குத் தெரிவது இரண்டு, அவள் இரண்டையும் சுழிப்பாள், அடிப்பாள், பலவீனப்படுத்துவது எது என்று ஓரத்தில் எழுதுவாள், என் வழியிலேயே போய்க் குழியில் விழுவாள். தவற என்கிற மூன்றாவது அவளுக்குத் தெரியாது. மூன்றில் இரண்டு போனால் ஒன்று நிற்கும், பலவீனப்படுத்தாதது எதுவோ அதுதான் விடை. அ, அதே ஆண்டு மாணவருக்கு இலவச சைக்கிள் தந்தார்கள். ஆ, பக்கத்து ஊர்ப் பள்ளியை மூடிவிட்டார்கள். இ, பேருந்து விடுவதற்கு முன்பே சேர்க்கை முடிந்துவிட்டது. ஈ, பேருந்து பள்ளி வாசலில் நிற்கிறது. ஈ. சந்தேகமே இல்லை, ஈ. பேனாவைக் கொண்டுபோனேன், போட்டுவிடவில்லை. ஒரு நிமிடம் இதை வைத்து ருசிக்க வேண்டும்போல் இருந்தது. அவளுடைய முதுகைப் பார்த்தேன். அவளும் இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறாள், சற்று முன்புதான் தாள் திருப்பினாள். பேனா நின்றுவிட்டது. கழுத்து கொஞ்சம் சாய்ந்தது. மாட்டிக்கொண்டாயா? மாட்டிக்கொள். ஒரு கேள்வியாவது உனக்குப் பருப்பு வேகாமல் இருக்கட்டும். அவள் தலை திரும்புகிறது. நேராக என் பக்கம், முகத்தில் பாதி தெரிகிறது, கண் என் மேசையைத் தேடுகிறது. பார்க்கிறாளா? என் விடையைப் பார்க்கிறாளா? இடது கையைத் தூக்கி விடைத்தாளின் மேல் அப்படியே விரித்து வைத்தேன். ஒரு எழுத்தும் தெரியக் கூடாது. நிமிர்ந்து அவளைப் பார்க்கவும் இல்லை. "ஏம்மா மாம்பழக் கலரு, முன்னாடி பாத்து எழுது. இன்னொரு தடவ திரும்பினா தாள வாங்கிருவேன்" என்று மேற்பார்வைக்கு வந்த டீச்சர் சொன்னார். அறையே அவளைப் பார்த்தது. எனக்குக் காது வரை இனித்தது. அவள் முன்னால் திரும்பிக்கொண்டாள், கொஞ்ச நேரம் கழித்துக் கை பின்னால் வந்தது, பின்னலைப் பிடித்து, மூன்று விரலை அதன்மேல் நீட்டி வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். அசையாமல். பின்னலைச் சரிசெய்கிறாளாம். திட்டு வாங்கின கையோடு அழகு பார்க்கிறாள். அவளுக்கு எதுவும் ஒட்டாது. அத்தை சொல்வாளே, சின்னவ கலகலப்பு என்று. நான் முகத்தைத் தாளுக்குள் புதைத்துக்கொண்டு முப்பத்தெட்டைப் படித்தேன், விடை ஆ, விரலுக்கு அடியில் இருந்த வரிசையில் ஆ-வைக் கருப்பாக்கினேன்.

அதற்குப் பிறகு ஓடினேன். இப்படி ஒரு ஓட்டம் எனக்கு எந்தத் தடவையும் வந்ததில்லை. நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு, நடப்பு நிகழ்வு, சதவீதம், ரயில் பாலத்தைக் கடக்க எடுத்த நேரம், எல்லாம் வரிசையாக வந்து மடியில் விழுந்தது. அவள் ஒன்றில் தோற்றுவிட்டாள் என்பது எனக்கு அவ்வளவு தெம்பு கொடுத்தது. ஒரு மார்க்கில்தான் எல்லாமே மாறும், போன தடவை எனக்கு மாறியது. பட்டியல் வரும், பாலகுரு மொபைலில் பார்ப்பார், என் பெயர் இருக்கும், அவள் பெயர் இருக்காது. நான் என்ன சொல்வேன்? அவளுடைய தோளில் கைவைத்து, முதல் தடவைதானே இலக்கியா, அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்பேன். என் குரல்கூட எனக்குக் கேட்கிறது, அவ்வளவு அன்பான குரல். அத்தை டீயை யாருக்கு முதலில் நீட்டுவாள்? ஐம்பத்தாறு, விடை அ. சீ, என்ன ஜென்மம் நான். அவள் தேற வேண்டாம் என்று நான் நினைக்கவில்லை. சொல்லிப் பார்க்கிறேன், அவள் தேற வேண்டாம் என்று நான் நினைக்கவில்லை. என் வழியிலேயே அடித்துப் பார்க்கலாமே, வேண்டாம் ஒன்று, இல்லை ஒன்று, இரண்டையும் அடித்தால் அவள் தேற வேண்டும் என்று நினைத்தேன் என்று நிற்கிறது. பச்சைப் பொய். கணக்கு சரி, விடை பொய். எனக்குள்ளேயும் எண்ணாமல் விட்டது ஏதோ இருக்கிறது. மார்ச் மாதம் எனக்குக் கரு கலைந்தபோது அவள்தான் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தாள், என் துணியை அலசினாள், மூக்கைச் சுளிக்கவில்லை. அதை ஏன் இப்போது நினைக்க வேண்டும், அறுபத்துமூன்றைப் பார். ஆஸ்பத்திரிக் கட்டிலில்கூட நான் என்ன நினைத்தேன்? அவள் தலைமாட்டில் உட்கார்ந்து புத்தகம் புரட்டிக்கொண்டிருந்தாள், எனக்காக விழித்திருந்து படித்தாள், நான் கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு நாள் படிப்பு இவளுக்குக் கூடுதலாகக் கிடைக்கிறதே என்று நினைத்தேன். அப்போதும் அதைத்தான் நினைத்தேன். இரண்டாவது மணி எப்போதோ அடித்தது, இப்போது மூன்றாவது, எழுபத்தெட்டு, எண்பது, விரல் வரிசையில் சரியாகப் போகிறது, கட்டைவிரலில் வைத்த கைரேகை மை பேனாவில் ஒட்டுகிறது. ஒரு அரைப் பக்கத்தை மறைத்ததற்கு இவ்வளவு யோசனை வேண்டாம். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்டாளே. பின் அடித்தது என்ன என்று கேட்டாளே. சரி, இன்று சாயங்காலம் சொல்லிவிடலாம், அடுத்த தடவைக்கு உதவும். தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பது. நூறு, விடை இ. முடித்தேன். கருப்பாக்கிவிட்டு நிமிர்ந்து மூச்சு விட்டேன், இன்னும் ஒன்பது நிமிடம் இருக்கிறது, நான்கு தடவையில் இப்படி முடித்ததே இல்லை. அப்புறம் தாளைப் பார்க்கிறேன். நூறு என்கிற எண்ணுக்கு நேரே நான்கு வட்டமும் வெள்ளையாக இருக்கின்றன.

முதலில் புரியவில்லை. நூறாவது கேள்விக்குப் போட்டேனே, இதோ இ. அது தொண்ணூற்றொன்பதில் இருக்கிறது. தொண்ணூற்றொன்பதுக்குப் போட்டது தொண்ணூற்றெட்டில். விரலால் ஒவ்வொன்றாக மேலே போனேன், எண்பது, எழுபது, அறுபது, எல்லாம் ஒரு படி மேலே ஏறி உட்கார்ந்திருக்கின்றன, எங்கே, எங்கே ஆரம்பித்தது, நாற்பது, முப்பத்தொன்பது. முப்பத்தேழு. முப்பத்தேழுக்கு நேரே ஆ. நான் ருசித்துக்கொண்டிருந்த ஈ அங்கே இல்லை. கையை எடுத்து மறைத்தேனே, விரல் எண்ணிலிருந்து போய்விட்டதே, அப்போது. பேனாவை வைத்துவிட்டேன். கையைத் தூக்கி டீச்சரைக் கூப்பிட்டேன். வந்தார். வேறு தாள் என்றேன். என் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கெட்டவர் இல்லை, முகம் சுருங்கியது. "குடுக்கக் கூடாதும்மா. தண்ணி குடிங்க" என்றார். குடித்தேன். அறுபத்துமூன்று விடைகள். நூறாவது வட்டத்தில் மட்டும் இ-யைக் கருப்பாக்கினேன், எதற்கென்று தெரியவில்லை, அது ஒன்றாவது தன் இடத்தில் இருக்கட்டும் என்றுதான். எனக்கு முன்னால் அந்தப் பின்னல், அந்த மாம்பழ நிறம், அவள் அமைதியாக விரலை எண்ணின்மேல் வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லிக் கொடுத்தபடி.

வாசலில் வேப்ப மரத்தடியில் ஸ்கூட்டரை நிறுத்தியிருந்தோம். நான் போவதற்கு முன்பே அவள் அங்கே நின்றாள், என்னைப் பார்த்ததும் ஓடி வந்தாள். "அக்கா, முப்பத்தேழு பாத்துட்டீங்களா? எனக்கு உசுரே போயிருச்சுக்கா." எந்த முப்பத்தேழு என்றேன், தெரியாததுபோல. "அதான்க்கா அந்த பஸ்ஸு. நீங்க சொன்ன மாதிரி ரெண்ட அடிச்சுட்டேன். அடிச்சுட்டுப் பாத்தா மூணு விடை சரியா வருது. அது எப்படி மூணு வரும்? எங்கயோ ஒண்ண எண்ணாம விட்டுட்டோம்னு திரும்பப் பாத்தா, தவறன்னு ஒண்ணு பதுங்கிக் கெடக்கு." மூன்று விடை. சைக்கிள், மூடிய பள்ளி, முடிந்துபோன சேர்க்கை. மூன்றும் பலவீனப்படுத்துகிறவை. இரண்டை மட்டும் அடித்தால் மூன்று விடை வரும், மூன்று வந்தால் தப்பு என்று எந்தப் பிள்ளைக்கும் தெரியும். எனக்குத்தான் தோன்றவில்லை. நான்கு பின் அடித்து நான் பூட்டி வைத்ததை அந்தக் கேள்வியே அவளுக்குத் திறந்து காட்டிவிட்டது. அவள் பேசிக்கொண்டே போனாள். "எனக்கு மொதல்ல உங்க நெனப்புதான்க்கா வந்துச்சு. இத அக்காவும் கவனிச்சிருக்க மாட்டாங்களே, வேகமாப் போறவங்க, ரெண்ட அடிச்சிட்டு எதையாவது போட்ருவாங்களேன்னு. திரும்பிப் பாத்தேன், நீங்க பாக்கவே இல்ல. அந்தம்மா வேற கத்திருச்சு. அதான் பின்னல்ல மூணு வெரல வெச்சுக் காட்டுனேன், மூணு இருக்கு, மூணு இருக்குன்னு. பாத்தீங்கதான?"

பார்த்தேன் என்றேன். தாளை வாங்கிவிடுவேன் என்று சொன்ன பிறகும் காட்டியிருக்கிறாள். ஸ்கூட்டர் இருக்கையில் சாய்ந்துகொண்டேன். "என்னக்கா, மொகம் ஒரு மாதிரி இருக்கு? நல்லா எழுதலையா?" மோசமில்லை என்று சொல்ல வாய் எடுத்தேன், இத்தனை வருடமாக வீட்டில் யார் கேட்டாலும் அதைத்தான் சொல்லியிருக்கிறேன். "வரிச மாறிப் போச்சு" என்றேன். "முப்பத்தேழுல இருந்து எல்லாம் ஒண்ணு மேல போட்டுட்டேன். நீ திரும்புனப்ப எம் பேப்பரப் பாக்குறியோன்னு கைய வெச்சு மறச்சேன். அப்ப வெரல் போயிருச்சு." அவள் வாயில் கைவைத்தாள். கண் நிறைந்துவிட்டது, எனக்காக. அய்யோ அக்கா, அய்யோ அக்கா என்று என் கையைப் பிடித்தாள். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டே இருந்திருக்கலாம், அழுதிருக்கலாம், வீடு வரை அவள் தேற்றிக்கொண்டே வந்திருப்பாள். அந்த அழுகையையும் நான் திருடியதாகத்தான் இருந்திருக்கும்.

"இலக்கியா, அந்தத் தவற எனக்கு முன்னாடியே தெரியும். போன தடவயே தெரியும். நோட்டுல பின் அடிச்சிருந்தேன்ல ஒரு பக்கம், அது இதான். ஒனக்குத் தெரியக் கூடாதுன்னு அடிச்சேன். நீ தப்பாப் போடணும்னு நெனச்சேன்."

மரத்திலிருந்து வேப்பம்பழம் ஒன்று இருக்கையில் விழுந்தது, அவள் அதைத் தட்டிவிட்டாள். என் கையை எப்போது விட்டாள் என்று தெரியவில்லை. யாரோ ஒரு பெண் எங்கள் பக்கத்தில் நின்று, நூறுக்கு என்ன போட்டீங்க என்று யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்தாள். இலக்கியா என்னை ஒரு முறை முழுசாகப் பார்த்தாள், கோபமாகக்கூட இல்லை, கேள்வியை இரண்டாம் தடவை படிப்பவள் முகம். பின்னலை முன்னால் எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வண்டியில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். வீட்டுக்கு இருபது நிமிடம். அத்தை கூடத்தில் இருப்பாள், பாலகுரு கடையிலிருந்து போன் செய்வார்.

"ஏறுங்க" என்றாள்.

நான் ஏறாமல் கொஞ்ச நேரம் நின்றேன், அதற்குப் பின்னால் வர வேண்டிய சொல்லுக்காக. பதினான்கு மாதத்தில் ஒரு தடவைகூட அவள் என்னை அக்கா என்று சொல்லாமல் கூப்பிட்டதில்லை. அவள் வண்டியை முறுக்கினாள். ஏறிக்கொண்டேன்.